இரவுப் படத்தில் தெருவிளக்கு வெளுக்கிறது, வாகனக் கோடு மங்குகிறது: எந்த அமைப்பில் தவறு செய்கிறேன்?

மாலைநேரம் (கேள்வி):

வணக்கம். நான் பொழுதுபோக்காகப் படமெடுப்பவன். கடந்த மூன்று மாதங்களாக, இரவில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்துப் படமெடுக்கும் முறையைப் பழகி வருகிறேன். என்னிடம் இருப்பவை ஏபிஎஸ்-சி (முழுச்சட்டகத்தைவிடச் சிறிய அளவு) சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமரா, அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸ், எடை குறைந்த ஒரு டிரைபாட் ஆகியவை மட்டுமே. புதிதாக எதையும் வாங்காமல், இவற்றை வைத்தே எவ்வளவு தூரம் போக முடியும் என்று அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் சிக்கல் சாலைப் படத்தில் வந்தது. வெளிச்சம் குறைந்த ஒரு சாலையின் மேலே செல்லும் நடைமேம்பாலத்தில் டிரைபாடை நிறுத்தி, வாகன விளக்குகள் கோடுகளாக ஓடும் படத்தை எடுக்க முயன்றேன். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400, அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப்/4, ஷட்டர் 15 வினாடி என்று வைத்தபோது கட்டடங்கள் வெளிச்சமாகத் தெரிந்தன; ஆனால் தெருவிளக்கு ஒவ்வொன்றும் வெள்ளைப் பந்தாக வீங்கிவிட்டது, வாகனக் கோடுகளும் நிறமே இல்லாமல் வெளுத்துப்போயின. ஒளி அதிகமாகிவிட்டது என்று எண்ணி ஷட்டர் நேரத்தை 4 வினாடியாகக் குறைத்தேன். கட்டடங்கள் இருண்டன, கோடுகளின் நீளமும் குறைந்தது. ஆனால் அவற்றின் வெளுப்பு சிறிதும் குறையவில்லை. அடுத்து ஐஎஸ்ஓ 100, எஃப்/16, 15 வினாடி என்று மாற்றியபோது கோடுகள் நூல்போல மெலிந்து மங்கின. நேரத்தை 30 வினாடிக்கு உயர்த்திப் பார்த்தேன். அப்போதும் கோடு பிரகாசமாகவில்லை. நேரத்தைக் கூட்டினால் ஒளி கூட வேண்டும் அல்லவா?

இரண்டாவது, டிரைபாடில் வைத்து எடுத்தும் படத்தில் அசைவு தெரிகிறது. கட்டடங்களின் விளிம்புகள் கூர்மையாகவே இருக்கின்றன. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தெருவிளக்கின் அடியிலும் சிறிய கொக்கி போன்ற ஒரு வால் இருக்கிறது.

மூன்றாவது, விண்மீன்கள். விளக்குகளே இல்லாத ஓர் இடத்தில் 18 மி.மீ., எஃப்/3.5, ஐஎஸ்ஓ 1600, 30 வினாடி என்று எடுத்தேன். விண்மீன்கள் புள்ளிகளாக விழாமல் சிறு கோடுகளாக விழுந்தன. அதோடு வானத்திலும் தரையிலும் சிவப்பு, நீலம், பச்சை நிறங்களில் நுண்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. லென்ஸை முடிவிலிக் குறியில்தான் வைத்திருந்தேன். இருந்தும் பிரகாசமான விண்மீன்கள் சற்று உப்பலாகத் தெரிகின்றன.

இன்னொரு சிறிய ஐயமும் உண்டு. நான் சாலைப் படம் எடுத்தபோது ஓரத்தில் பலர் நடந்துகொண்டிருந்தார்கள். படத்தில் ஒருவரையும் காணவில்லை. இது இயல்புதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஒளித்தடம் (பதில்):

நீங்கள் குழம்பி நின்ற இடம்தான் இரவுப் படமெடுத்தலில் முதலில் தெளிய வேண்டிய இடம். ஆகவே அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் படத்தில் இரண்டு வகையான ஒளி இருக்கிறது. கட்டடம், சாலை, தெருவிளக்கு ஆகியவை அசையாதவை. அவற்றின் ஒளி, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் சென்சாரில் ஒரே இடத்தில் விழுந்து, குழாயடியில் வைத்த குடத்தில் நீர் ஏறுவதுபோலச் சேர்ந்துகொண்டே போகிறது. வாகன விளக்கோ ஒரு பிக்சலைக் கடந்து அடுத்த பிக்சலுக்குப் போய்விட வினாடியின் மிகச் சிறு பங்கே ஆகிறது. அது கடந்து போனபின் ஷட்டர் இன்னும் 5 வினாடி திறந்திருந்தாலும், 50 வினாடி திறந்திருந்தாலும், அந்த விளக்கின் ஒளி அந்தப் பிக்சலில் மறுபடி விழப்போவதில்லை. எனவே கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்பவை அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும் வாகனத்தின் வேகமும்தான். ஷட்டர் நேரம் கோடு எவ்வளவு நீளம் ஓடும், ஒரே தடத்தில் எத்தனை வாகனங்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் என்பதை மட்டுமே மாற்றும். அதனால்தான் 15 வினாடியை 4 ஆகக் குறைத்தபோது கட்டடம் மட்டும் இருண்டது. 15 வினாடியை 30 ஆக உயர்த்தியபோது கோடு மாறாமல் நின்றது.

இது புரிந்துவிட்டால் வேலை செய்யும் வரிசையும் தானாகவே பிடிபட்டுவிடும். முதலில் கோட்டைப் பார்த்து அபர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் முடிவு செய்யுங்கள். அவற்றைத் தொடாமல், சுற்றுப்புறத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். நீங்கள் எடுத்த முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே கோட்டின் ஒளியில் 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) வேறுபாடு இருக்கிறது: எஃப்/4 இலிருந்து எஃப்/16 வரை நான்கு, ஐஎஸ்ஓ 400 இலிருந்து 100 வரை இரண்டு. அதாவது 64 மடங்கு. ஒன்றில் வெளுத்ததும் மற்றொன்றில் மங்கியதும் இதனால்தான். ஐஎஸ்ஓ 100, எஃப்/8 என்று தொடங்குங்கள். கோட்டில் பின்விளக்கின் சிவப்பு சிவப்பாகவே தெரிந்தால் அது சரியான இடம். பிறகு 20, 25, 30 வினாடி என்று கூட்டிக்கொண்டே போய், கட்டடம் போதிய அளவு தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வாணவேடிக்கையைப் படமெடுப்பவர்களும் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். வெடித்துச் சிதறும் பொறியின் பிரகாசம் அபர்ச்சரின் கையில், எத்தனை வெடிப்புகள் படத்துக்குள் வரும் என்பது ஷட்டரின் கையில்.

தெருவிளக்கு வீங்குவது வேறு சிக்கல். விளக்கின் முகம் அதைச் சுற்றியுள்ள சுவரைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசமானது. நள்ளிரவில் எந்த ஒற்றை எக்ஸ்போஷரும் (ஒரு முறை ஷட்டரைத் திறந்து எடுக்கும் பதிவும்) இரண்டையும் ஒருங்கே காப்பாற்றாது. இதற்கு நான் அறிந்த நல்ல வழி, முழு இருட்டுக்காகக் காத்திராமல் இருப்பதுதான். கதிரவன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 4 முதல் 6 பாகை வரை இறங்கியிருக்கும் பொழுதில் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும், விளக்குகளும் ஏற்றப்பட்டிருக்கும். சுவரிலும் சாலையிலும் வானத்தின் மிச்ச ஒளி விழுவதால் விளக்குக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். இந்தப் பொழுது நீடிப்பது கொஞ்ச நேரமே. பூமத்திய ரேகைப் பகுதியில் கதிரவன் மறைந்ததிலிருந்து 6 பாகை இறங்குவதற்கு 20 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல அது நீளும். ஆகவே கதிரவன் மறையும் முன்பே டிரைபாடை நிறுத்தி, படத்தின் சட்டகத்தை முடிவு செய்து, காத்திருங்கள். அந்நேரத்தில் கட்டடங்களுக்காக ஒரு படம், இருட்டியபின் கோடுகளுக்காக ஒரு படம் என்று கேமராவை அசைக்காமல் எடுத்துப் பின்னர் இணைப்பதும் உண்டு. ஆனால் முதலில் ஒரே படத்தில் முயன்று பார்ப்பதையே நான் விரும்புவேன். சேர்ந்து வரும் ஒளியைக் கண்ணால் கணக்கிடும் பழக்கம் அப்போதுதான் வரும்.

படத்தைச் சரிபார்க்கும்போது கேமராத் திரையை நம்பாதீர்கள். இருட்டில் அந்தத் திரை அளவுக்கு மீறிப் பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இரண்டு ஸ்டாப் இருட்டாக இருக்கும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, ஹிஸ்டோகிராமை (படத்தில் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள். ரா கோப்பாகவே (சென்சாரின் பதிவைச் சுருக்காமல் தரும் கோப்பு) எடுங்கள். சோடியம் விளக்கின் மஞ்சளும் எல்ஈடியின் வெண்மையும் ஒரே தெருவில் கலந்திருக்கும்போது வெள்ளைச் சமநிலையை (ஒளியின் நிறச்சாயலை) பின்னர் திருத்துவதற்கு அது ஒன்றே இடம் தரும்.

நடந்தவர்கள் மறைந்தது இயல்புதான். 1838இல் புகைப்பட முன்னோடி லூயி டாகேர் பாரிஸ் நகரின் பரபரப்பான ஒரு பெருந்தெருவைச் சில நிமிட எக்ஸ்போஷரில் பதிவு செய்தபோது, வண்டிகளும் மக்களும் முற்றாக மறைந்து தெரு வெறிச்சோடித் தெரிந்தது. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் படத்தின் ஓரத்தில் பதிவாகியிருக்கிறார். உங்கள் 15 வினாடியில் நடப்பதும் அதுவே. ஒருவர் தெரிய வேண்டுமானால் அவர் அசையாமல் நிற்க வேண்டும், அல்லது திறந்திருக்கும் ஷட்டருக்கு இடையில் ஃப்ளாஷ் ஒரு முறை மின்ன வேண்டும். 1949இல் புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி, இருட்டறையில் ஓவியர் பிக்காசோ சிறு மின்விளக்கால் காற்றில் வரைந்த கோடுகளைப் படமாக்கியபோது, கோடுகளைத் திறந்த ஷட்டரும் பிக்காசோவின் உருவத்தை ஃப்ளாஷும் பிடித்தன.


முக்காலி (பதில்):

கொக்கி வாலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த வால் உங்களுக்குப் பல செய்திகளைச் சொல்கிறது.

படத்தில் உள்ள எல்லா விளக்குகளுக்கும் ஒரே வடிவில், ஒரே திசையில், ஒரே நீளத்தில் வால் இருந்தால் அசைந்தது கேமரா. ஒரு விளக்குக்கு மட்டும் இருந்தால் அசைந்தது அந்த விளக்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கேமராதான் அசைந்திருக்கிறது. அப்படியானால் கட்டடம் ஏன் கூர்மையாக இருக்கிறது என்ற கேள்வி எழும். ஷட்டர் பொத்தானை அழுத்தியபோது கேமரா அரை வினாடி ஆடி, பிறகு நிலைத்தது என்று வைத்துக்கொள்வோம். 15 வினாடியில் அது முப்பதில் ஒரு பங்கு. கட்டடத்தின் மங்கலான ஒளி அந்த அரை வினாடியில் சென்சாரில் தடம் பதிக்கப் போதாது. மற்ற பதினான்கரை வினாடி ஒளி அதை அமுக்கிவிடும். தெருவிளக்கோ அத்தனை பிரகாசமானது. அதற்கு அரை வினாடியே தாராளம். கேமரா ஆடிய பாதையை அது அப்படியே வரைந்து வைத்துவிடுகிறது.

பொத்தானைக் கையால் அழுத்தாதீர்கள். ரிமோட் இல்லாவிட்டால் கேமராவிலேயே உள்ள 2 வினாடி டைமர் போதும். டிரைபாட் மிக இலேசானது என்றால் 10 வினாடி டைமர் இன்னும் நல்லது. லென்ஸில் அசைவுத் தடுப்பு இருந்தால், டிரைபாடில் வைக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். பல லென்ஸ்களில், அசைவே இல்லாதபோதும் அந்த அமைப்பு திருத்துவதற்கு அசைவைத் தேடிக்கொண்டிருந்து, தானே படத்தைக் கலைத்துவிடும். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். உயரம் வேண்டுமானால் கால்களை நீட்டுங்கள், அதிலும் தடித்த மேற்பகுதியை முதலில், மெலிந்த கடைசிப் பகுதியைக் கடைசியாக. நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடலாம். ஆனால் பை காற்றில் ஊசலாடினால் பயனைவிடத் தீமையே அதிகம், ஆகவே பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றி விடுங்கள் அல்லது சுற்றிக் கட்டுங்கள். காற்றில் அது கேமராவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் நின்ற இடமும் ஒரு காரணமாக இருக்கலாம். நடைமேம்பாலம் ஆட்கள் நடந்தாலே அதிரும். டிரைபாடின் ஒரு காலின் நுனியில் விரலை வைத்துப் பாருங்கள். யாராவது கடந்து போகும்போது அதிர்வு விரலுக்கே தெரியும். பாலத்தின் நடுவில் அது மிகுதியாகவும், தூண்களுக்கு மேலே குறைவாகவும் இருக்கும். எனவே தூணுக்கு நேர் மேலே நில்லுங்கள்.

இவை எல்லாவற்றையும் செய்தும் வால் தெரிந்தால், பழைய முறை ஒன்று இருக்கிறது. கறுப்பு அட்டை ஒன்றை லென்ஸுக்கு முன்னால், அதைத் தொடாமல் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறங்கள். இரண்டு வினாடி கழித்து, அதிர்வு அடங்கியபின் அட்டையை விலக்குங்கள். முடிக்கும்போதும் அவ்வாறே முதலில் அட்டையால் மறைத்துப் பின் ஷட்டரை மூடுங்கள். வாகனங்கள் இல்லாத இடைவெளிகளிலும் இதே அட்டையால் மறைத்து வைக்கலாம். அந்த நேரங்களில் தெருவிளக்கு சென்சாரில் மேலும் ஒளியைச் சேர்க்காது. அடுத்த வாகனக் கூட்டம் வந்ததும் விலக்கிக்கொள்ளலாம். மேலே ஒளித்தடம் சொன்ன இரு வகை ஒளியையும் கையாலேயே பிரித்து ஆள்வதற்கு இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை.


விண்மீன்விரும்பி (பதில்):

விண்மீன் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

விண்மீன் கோடாவது பூமி சுழல்வதால். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு வினாடிக்கு 15 வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு). உங்கள் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 3.9 மைக்ரான், 18 மி.மீ. லென்ஸில் அது வானத்தின் சுமார் 45 வில்வினாடியை அடைத்துக்கொள்ளும். ஆக, வான நடுக்கோட்டருகே (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் கொள்ளும் கோடு) உள்ள விண்மீன் ஒன்று மூன்று வினாடிக்கு ஒரு பிக்சல் வீதம் நகரும். உங்கள் 30 வினாடிப் படத்தில் அது பத்துப் பிக்சல் நகர்ந்திருக்கிறது. அதே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வான துருவத்துக்கு (விண்மீன்கள் சுற்றுவதாகத் தெரியும் மையத்துக்கு) அருகில் உள்ள விண்மீன்கள் மிகக் குறைவாகவே இழுபட்டிருக்கும்.

விண்மீன் கோடாகாத மிக நீண்ட நேரத்தை அறிய, 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (மி.மீ. எண்ணால்) வகுக்க வேண்டும் என்ற விதியைப் பலரும் சொல்வார்கள். முழுச்சட்டகத்தைவிடச் சிறிய உங்கள் சென்சாருக்கு 18ஐ 1.5ஆல் பெருக்கி 27 என்று கொண்டால், 500ஐ 27ஆல் வகுக்க 18 வினாடி வரும். பிக்சல்கள் இவ்வளவு நெருக்கமாக உள்ள சென்சார்களுக்கு அந்த விதி தாராளமானது. பிக்சலின் அளவையும் அபர்ச்சரையும் சேர்த்துக் கணக்கிடும் என்பிஎஃப் விதிப்படி உங்களுக்கு 13 வினாடிதான் கிடைக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 13 வினாடி, எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200 என்று வைப்பேன். ஐஎஸ்ஓவைக் கூட்ட அஞ்ச வேண்டாம். விண்மீனும் நகரும் ஒளிதான். நேரத்தைக் கூட்டினால் அது நீளுமே தவிரப் பிரகாசமாகாது. நேரத்தால் கூடுவது வானத்தின் பின்னணி வெளிச்சம் மட்டுமே.

லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. பல லென்ஸ்களின் வளையம் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். குறி காட்டும் இடம் ஏறக்குறையவே சரியாக இருக்கும். லைவ் வியூவை (காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் முறையை) இயக்கி, வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீனைத் திரையில் நடுவாகக் கொண்டுவந்து, பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மயிரிழை அளவில் திருப்பினால் அந்த ஒளிப்பொட்டு சுருங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் ஊசிமுனை அளவாகி, மறுபடி விரியத் தொடங்கும். மிகச் சிறிதாக இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து, மேனுவல் ஃபோகஸில் விட்டு, வளையத்தின்மேல் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிடுங்கள். அதன்பின் ஜூம் வளையத்தைத் தொட்டால் ஃபோகஸ் மாறிவிடலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இதை நிதானமாகச் செய்ய உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறப் புள்ளிகள் சென்சாரின் சூட்டால் வருபவை. ஒளியே விழாவிட்டாலும் சில பிக்சல்கள் சூட்டினால் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்; நேரம் நீள நீள, வெப்பம் ஏற ஏற அவை மிகும். கேமராவில் "லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்" (நீண்ட நேரப் படத்தில் வரும் தேவையற்ற புள்ளிகளான நாய்ஸைக் குறைப்பது) என்ற ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்கினால், நீங்கள் எடுத்த படத்துக்குப் பின் அதே அளவு நேரம் ஷட்டரை மூடியே வைத்து ஓர் இருட்டுப் படத்தைக் கேமரா எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை உங்கள் படத்திலிருந்து கழித்துவிடும். இதை எப்போதும் இயக்கியே வைத்திருங்கள்.

இவை ஒருபுறமிருக்க, மூன்று மாதத்தில் இத்தனை மாறுபாடுகளைக் குறித்துவைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பேட்டை விட்டுவிடாதீர்கள்.


ஒளித்தடம் (பதில்):

விண்மீன்விரும்பி சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அந்த நாய்ஸ் அமைப்பை எப்போதும் இயக்கி வைப்பது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. 30 வினாடிப் படத்துக்குப் பின் இன்னொரு 30 வினாடி கேமரா உங்களுக்குக் கிடைக்காது; நீல வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் பொழுதில் பாதி நேரத்தை அது தின்றுவிடும். விண்மீன்களின் வட்டத் தடத்துக்காகத் தொடர்ந்து நூறு படம் எடுப்பவருக்கோ ஒவ்வொரு படத்துக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்து, தடம் புள்ளிக் கோடாக உடைந்துவிடும். அத்தகைய நேரங்களில் அதை அணைத்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவில் அதே நேரத்துக்குச் சில இருட்டுப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா வெளியில் இருந்த அதே வெப்பநிலையில், அங்கேயே எடுக்க வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்து எடுத்தால் புள்ளிகள் பொருந்தா.


விண்மீன்விரும்பி (பதில்):

தொடர்படங்களைப் பொறுத்தவரை அதை ஏற்றுக்கொள்கிறேன். நான் ஒற்றைப் படத்தை மனத்தில் வைத்து எழுதினேன். ஒரு சேர்க்கை: ஒரே காட்சியை 13 வினாடியில் 16 முறை எடுத்து, விண்மீன்களை ஒன்றோடொன்று பொருத்திச் சராசரி எடுத்தால் நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகக் குறையும். படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது குறைவதால், 4 படம் எடுத்தாலே பாதியாகிவிடும். இதைச் செய்யும் சீக்வேட்டர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.


மாலைநேரம் (கேள்வி கேட்டவர்):

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. நேற்று மாலை அதே பாலத்துக்குச் சென்று, தூணுக்கு மேலே டிரைபாடை நிறுத்தி, கதிரவன் மறைவதற்கு முன்பே காத்திருந்தேன். பட்டையைக் கழற்றி, அசைவுத் தடுப்பை அணைத்து, 2 வினாடி டைமரில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8 என்று வைத்துத் தொடங்கினேன். வானம் நன்கு நீலமாக இருந்தபோது 10 வினாடி போதுமானதாக இருந்தது. இருள இருள 25 வினாடி வரை கூட்டினேன். முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் பின்விளக்குக் கோடுகள் ஒரே அளவு சிவப்பாக இருப்பதை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், நீங்கள் எழுதியது எனக்கு முழுதாக விளங்கியது. கொக்கி வால் ஒரு விளக்கிலும் இல்லை.

இப்போது இரண்டு புதியவற்றைக் காண்கிறேன். எஃப்/11இல் எடுத்த ஒரு படத்தில் ஒவ்வொரு தெருவிளக்கிலிருந்தும் 14 கதிர்கள் விரிகின்றன, எண்ணியே பார்த்தேன். மற்றொன்று, இருண்ட வானப் பகுதியில் மங்கலான பச்சைப் புள்ளிகள் சில வரிசையாகத் தெரிகின்றன. அவை நிறப் புள்ளிகள் போல ஒற்றைப் பிக்சல் அளவில் இல்லை. பெரியவை, தெருவிளக்கின் வடிவிலேயே இருக்கின்றன. இது சென்சாரின் குறையா?


முக்காலி (பதில்):

இரண்டுமே குறை அல்ல. அபர்ச்சர் சுருங்கும்போது அதன் இதழ்களின் நேர் விளிம்புகளில் ஒளி வளைந்து கதிர்களாகிறது. இதழ்களின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் அதே எண்ணிக்கையில் கதிர்கள் வரும். ஒற்றைப்படையானால் இருமடங்கு வரும். உங்கள் லென்ஸில் 7 இதழ்கள் இருக்கின்றன. எஃப்/16ஐத் தாண்டிச் சுருக்கினால் கதிர் இன்னும் நீளும், ஆனால் படம் முழுவதன் கூர்மையும் குறையத் தொடங்கும்.

பச்சைப் புள்ளிகள் பிரதிபலிப்பு. லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்காக யூவி ஃபில்டர் ஒன்றைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சென்சாரில் பட்டுத் திரும்பும் விளக்கொளி அந்தத் தட்டைக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருகிறது. படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு கோட்டை மனத்தில் இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் அதே தொலைவில் அதன் பச்சைப் புள்ளி இருக்கும், தலைகீழாக. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுங்கள்.


மாலைநேரம் (கேள்வி கேட்டவர்):

யூவி ஃபில்டர் இருந்தது உண்மைதான். லென்ஸ் வாங்கிய நாள் முதல் அதைக் கழற்றியதே இல்லை. நீங்கள் சொன்னபடி கோடு இழுத்துப் பார்த்தேன். ஏழு விளக்குகளுக்கும் ஏழு புள்ளிகள் எதிர்ப்பக்கத்தில் சரியாகப் பொருந்துகின்றன. இன்று மாலை அதைக் கழற்றிவிட்டுப் பாலத்துக்குப் போகிறேன்.